5 அடி 10 அங்குலம், 54 கிலோ: ஒரு மலையகக் குத்துச்சண்டை வீரனின் நான்கு போட்டிகள்

உயரமான பையன் ஒருவன் குத்துச்சண்டைப் பயிற்சிக்கு வந்து சேர்ந்தால், நம் ஊர்களில் முதலில் எழும் கேள்வி, "இவனை எந்த எடைக்கு இறக்கலாம்?" என்பதுதான். எதிராளியின் கை எட்டாது, இவன் கை எட்டும், பாதி வெற்றி மேடையேறும் முன்பே கைக்கு வந்துவிடும் என்பது கணக்கு. இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கு அருகிலுள்ள தேயிலைத் தோட்டம் ஒன்றைச் சேர்ந்த ஓர் இளைஞன் ஆடிய நான்கு போட்டிகளை முன்வைத்து அந்தக் கணக்கைச் சரிபார்க்க விரும்புகிறேன். அவன் பெயர், தோட்டத்தின் பெயர், போட்டிகளின் பெயர் எதையும் எழுதவில்லை. அவனும் அவன் தாயாரும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். நான் பயிற்றுவிப்பாளன் அல்லன், உடற்கல்வி ஆசிரியன். கையடக்கத் தொலைபேசியில் பிடித்த காணொளிகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, எந்த நொடியில் கால் எங்கே இருந்தது, தோள் எந்த மட்டத்தில் இருந்தது என்று பயிற்றுவிப்பாளருக்குக் குறித்துக் கொடுப்பது என் பங்கு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உயரம் ஒரு வீரனுக்குத் தருவது நேரம். குட்டையானவன் தன் குத்து எட்டும் இடத்துக்கு வர ஓர் அடி கூடுதலாக எடுத்து வைக்க வேண்டும். அந்த ஓர் அடிக்கு ஆகும் சிறு பொழுதுதான் நெட்டையனின் மூலதனம். அதைச் செலவிடுவது கை. சம்பாதித்துக் கொடுப்பது கால், குறிப்பாகத் தொடை. எடை குறைப்பதற்காகத் தொடையைப் பட்டினி போட்டுவிட்டு, உயரத்தால் வென்றுவிடலாம் என்று எதிர்பார்ப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநீதி.

உடம்பின் கணக்கு

பயிற்சிக்கு வந்தபோது அவனுக்கு வயது 17. உயரம் 178 சென்ரிமீற்றர். வழக்கமான சாப்பாட்டுடன் இயல்பாக இருக்கும் எடை 58 கிலோ. தோட்டப்புறத்தில் இந்த உயரம் அரிது. பரம்பரை என்று சொல்லி இதைக் கடந்துவிடக் கூடாது. 2016ஆம் ஆண்டின் தேசிய மக்கள்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17 சதவீதம். தோட்டத்துறையில் 32 சதவீதம். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயன் அறையில் பிறந்து, ரொட்டியிலும் தேநீரிலும் வளர்ந்த ஒரு பிள்ளை 178 சென்ரிமீற்றரை எட்டியிருக்கிறான் என்றால், அந்த உடல் ஏற்கெனவே பெரிய போராட்டம் ஒன்றை வென்றிருக்கிறது. "இன்னும் 4 கிலோ குறை" என்று அதனிடம் கேட்பதற்கு முன் யாராவது ஒருவர் நின்று யோசித்திருக்க வேண்டும்.

அவன் முதலில் பயின்ற இடத்தில் யாரும் யோசிக்கவில்லை. 57 கிலோ பிரிவில் நிறுத்தினால் எதிரே 170, 172 சென்ரிமீற்றர் உள்ளவர்கள் வருவார்கள், 54 கிலோவில் நிறுத்தினால் எல்லாரும் தோள் உயரத்துக்குத்தான் இருப்பார்கள் என்று முடிவாயிற்று. 178 சென்ரிமீற்றருக்கு 58 கிலோ என்றால் உடல் நிறைச் சுட்டி 18.3. வளர்ந்தவர்களுக்கு 18.5க்குக் கீழே போனாலே நிறை குறைவு என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. 54 கிலோவில் அந்தச் சுட்டி 17. கரைக்கக் கொழுப்பு ஏதும் இல்லாத உடம்பு அது. அதிலிருந்து 4 கிலோ போனால், போவது தண்ணீரும் தசையும்தான்.

போட்டிக்கு முந்தைய நாட்களில் சோறு நின்றது. கடைசி நாள் தண்ணீரும் நின்றது. மலைநாட்டுக் குளிரில் வியர்வை எளிதில் வராது என்பதால் கம்பளிச் சட்டைக்கு மேல் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ஏற்றத்தில் ஓடவிட்டார்கள். இணையத்தில் பார்க்கும் தொழில்முறை வீரர்களைப் போல நாமும் செய்கிறோம் என்ற எண்ணம் இதன் பின்னால் இருக்கிறது. ஆனால் இன்றைய தொழில்முறைப் போட்டிகளில் எடை பார்ப்பது போட்டிக்கு முந்தைய நாள். தராசிலிருந்து இறங்கியவர் ஏறத்தாழ ஒரு முழுநாள் குடித்தும் சாப்பிட்டும் மீண்டுவிடுவார். நம் பிள்ளைகள் ஆடும் அமெச்சூர் போட்டிகளில் அன்று காலை தராசு, அன்றே மேடை. அடுத்த சுற்றுக்குப் போனால் அடுத்த ஆட்டநாள் காலையிலும் தராசு. ஆறேழு மணிநேரத்தில் எந்த உடலும் முழுமையாக மீளாது.

கைநீளம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அறிவிப்புகளில் சொல்லப்படும் கைநீளம், இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனி வரை அளப்பது. நெஞ்சின் அகலமும் அதில் சேரும். இவனுக்கு அது 184 சென்ரிமீற்றர். எதிரே கைநீளம் 170 உள்ளவன் வந்தால் 14 சென்ரிமீற்றர் வித்தியாசம் என்று மகிழ்ந்துவிடுகிறோம். ஆனால் குத்துவது ஒரு நேரத்தில் ஒரு கைதான். பாதியை எடுத்துக்கொண்டால் 7 சென்ரிமீற்றர். ஓர் உள்ளங்கை அகலம்கூட இல்லை. இந்த 7 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

54 கிலோவில் இரண்டு தோல்விகள்

முதல் போட்டி கண்டியில். எதிராளி அவனைவிட ஒரு தலை குட்டை. முதல் மூன்று நிமிடம் பார்ப்பதற்கு மிக அழகாக இருந்தது. முன்கைக் குத்து, அதாவது ஜாப், ஒன்றன்பின் ஒன்றாகப் போய் எதிராளியின் நெற்றியில் நின்றது. இரண்டாவது சுற்றின் நடுவில் கால் நின்றுவிட்டது. நின்ற இடத்திலிருந்தே தலையைப் பின்னால் சாய்த்துத் தப்பிக்கத் தொடங்கினான். உயரமானவர்களுக்கு இது இயல்பாக வரும் பழக்கம். முதல் இரண்டு மூன்று தடவை பலிக்கவும் செய்யும். பிறகு நாடி மேலே தூக்கியபடி, எடை முழுவதும் பின்காலில் விழுந்தபடி, முதுகு கயிற்றில் முட்டும். மூன்றாவது சுற்று முழுவதும் கயிற்றில்தான் கழிந்தது. ஐந்து நடுவர்களும் எதிராளிக்கே கொடுத்தார்கள்.

"மூச்சு போதவில்லை, இன்னும் ஓட வேண்டும்" என்றார்கள். இந்தத் தீர்ப்பை நான் ஒருபோதும் ஏற்கவில்லை. கடல்மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேலே, தினமும் மலை ஏறி இறங்கிப் பாடசாலைக்குப் போகும் பிள்ளை அவன். மூச்சு அவனிடம் தாராளமாக இருந்தது. வயிற்றில் எதுவும் இல்லை. காணொளியில் அவன் வாய் திறந்து இளைப்பதற்கு முன்பே முழங்கால்கள் நீண்டு விறைத்துவிட்டன. முதலில் செத்தது தொடை.

இரண்டாவது போட்டி கொழும்பில். இரவு ரயிலில் கீழே இறங்கி, காலையில் தராசில் நின்று, பிற்பகல் மேடையேறினான். மலையகப் பிள்ளைகளுக்குக் கொழும்பின் புழுக்கமே ஓர் எதிராளி. இங்கே வியர்க்க வைக்க மழைக்கோட்டு வேண்டியிருந்தது. அங்கே சும்மா உட்கார்ந்திருந்தாலே உடல் நனைந்துவிடும். ஏற்கெனவே வற்றிப்போன உடல் அங்கே இன்னும் வற்றியது.

எதிரே வந்தவன் கெட்டிக்காரன். மணி அடித்ததும் குனிந்தான். முழங்காலை மடித்து, இடுப்பை வளைத்து, இரு கைகளுக்கும் இடையே தலையைப் புதைத்துக்கொண்டு, கீழேயிருந்து வந்தான். நம் பையனின் குத்துகள் ஒன்றுகூடச் சரியாகச் சேரவில்லை. "கை நீட்டு, கை நீட்டு" என்று மூலையிலிருந்து கத்திக்கொண்டே இருந்தார்கள். கை நீண்டுதான் இருந்தது. எட்டவில்லை.

ஏன் எட்டவில்லை என்பதற்குச் சாதாரண தரக் கணிதமே போதும். குத்து தன் முழு நீளத்தை எட்டுவது, குத்துபவனின் தோளும் குத்து விழும் இடமும் ஒரே மட்டத்தில் இருக்கும்போது. நேராக நிற்கையில் அவனுடைய தோள் தரையிலிருந்து ஏறத்தாழ 146 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கிறது. தோள் திரும்புவதையும் சேர்த்துக் கை எட்டும் நீளம் 75 சென்ரிமீற்றர் என்று கொள்வோம். குனிந்து வருபவனின் தலை 110 சென்ரிமீற்றர் மட்டத்தில் இருந்தால், குத்து 36 சென்ரிமீற்றர் கீழே சரிய வேண்டும். பைதகரசு தேற்றத்தைப் போட்டுப் பாருங்கள். முன்னோக்கி எட்டும் தூரம் 66 சென்ரிமீற்றராகச் சுருங்குகிறது. 9 சென்ரிமீற்றர் போயிற்று. இருவருக்கும் இடையே கையின் வித்தியாசமே 7தான். குனிந்த ஒரே அசைவில் எதிராளி அந்த வித்தியாசத்தை அழித்ததோடு, 2 சென்ரிமீற்றர் தன் பக்கமும் சேர்த்துக்கொண்டான்.

இதற்கு மருந்தும் அதே கணக்கில் இருக்கிறது. நெட்டையனும் முழங்காலை மடித்துத் தோளை 15 சென்ரிமீற்றர் இறக்கினால் சரிவு 21 ஆகிறது. எட்டும் தூரம் 72க்குத் திரும்புகிறது. ஆக, தன் உயரத்தைப் பயன்படுத்த விரும்புகிறவன் குனியத் தெரிந்தவனாக இருக்க வேண்டும். மூன்று நிமிடம், மூன்று சுற்று, மடித்த முழங்காலுடன் முன்னும் பின்னும் நகரத் தொடை வேண்டும். அந்தத் தொடையைத்தான் 4 கிலோவாகத் தராசில் கழற்றி வைத்துவிட்டு அவன் மேடையேறினான்.

மூன்றாவது சுற்றில் விலாவுக்குக் கீழே, ஈரல் பக்கம், ஒரு குத்து விழுந்தது. நீண்ட உடம்பில் முழங்கை முகத்தைக் காத்தால் விலா திறக்கும், விலாவைக் காத்தால் முகம் திறக்கும். மத்தியஸ்தர் எட்டு வரை எண்ணி, அவன் கண்களைப் பார்த்துவிட்டு, ஆட்டத்தை நிறுத்தினார். நிறுத்தியது சரி. அவருக்கு என் நன்றி.

முன்னோர் காட்டியது

கீழ் எடையில் உயரத்தால் ஆண்டவர்கள் உண்டு. பனாமா நாட்டின் அல் பிரவுன் 1929 முதல் 1935 வரை பன்டம் எடைப் பிரிவின் உலகச் சம்பியனாக இருந்தார். இலத்தீன் அமெரிக்காவிலிருந்து உலகப் பட்டம் வென்ற முதல் வீரர் அவரே. எல்லை 118 றாத்தல், அதாவது 53.5 கிலோ. உயரம் ஏறத்தாழ 5 அடி 9 அங்குலம். சாண்டி சாட்லர் 126 றாத்தல் பிரிவில் 5 அடி 8½ அங்குலம். மிக நுட்பமான வீரர் என்று பெயரெடுத்த வில்லி பெப்பை 1948க்கும் 1951க்கும் இடையே நான்கு முறை சந்தித்து மூன்று முறை வென்றார். இவர்கள் பிறவியிலேயே மெல்லிய எலும்பும் நீண்ட தசையும் கொண்டவர்கள். அந்த எடையில் அவர்களால் பதினைந்து சுற்று நடக்கவும் குத்தவும் முடிந்தது. இயல்பாக மெலிந்தவர் வேறு, மெலிய வைக்கப்பட்டவர் வேறு. தராசுக்கு இது தெரியாது. பயிற்றுவிப்பாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நம் பையனின் கதைக்கு இன்னும் நெருக்கமானவர் டெட்ராயிட்டின் தோமஸ் ஹேர்ன்ஸ். 6 அடி 1 அங்குல உயரத்துடன் 147 றாத்தல் பிரிவில் ஆடியவர். 1980 ஓகஸ்ட் 2ஆம் திகதி பிபினோ குவேவாஸை இரண்டாவது சுற்றிலேயே சாய்த்துப் பட்டம் வென்றார். அமெச்சூராக இருந்தபோது அவருடைய குத்தில் அவ்வளவு கனம் இருக்கவில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இமானுவேல் ஸ்டூவர்ட் என்ற பயிற்றுவிப்பாளர்தான் காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, அந்த நீளத்துக்குள் பலத்தை வரவழைத்தார். 1981 செப்டெம்பர் 16ஆம் திகதி சுகர் ரே லெனார்டுடன் நடந்த ஆட்டத்தில் ஹேர்ன்ஸின் முன்கைக் குத்து லெனார்டின் கண்ணை வீங்கச் செய்தது. பதின்மூன்று சுற்று முடிவில் மூன்று நடுவர்களின் தாளிலும் ஹேர்ன்ஸ்தான் முன்னிலை. பதினான்காவது சுற்றில் கயிற்றில் சாய்ந்து, ஆட்டம் நிறுத்தப்பட்டு, தோற்றார். அன்று எல்லை 147 றாத்தலாக இருக்க, தராசில் அவர் காட்டியது 145. கடைசிச் சுற்றுகளில் அவர் கால்கள் தளர்ந்ததைப் பார்க்கும்போதெல்லாம் அந்த 2 றாத்தல் என் மனத்தை உறுத்துகிறது. உலகத்தரத்து வீரருக்கே அந்த நிலைமை என்றால், கௌபியும் பருப்பும்கூட அளந்து சாப்பிடும் வீட்டுப் பிள்ளைக்கு 4 கிலோ எவ்வளவு பெரியது!

57 கிலோவுக்கு மாறியபின்

கொழும்புத் தோல்விக்குப் பின் அவன் இடம் மாறினான். புதிய பயிற்றுவிப்பாளர் முன்பு இராணுவத்தில் ஆடியவர், அதிகம் பேசாதவர். முதல் மாதம் குத்துப்பையைத் தொடவே விடவில்லை. அவனுடைய தாயாரை வரவழைத்து, வீட்டில் என்ன சமைக்கிறீர்கள் என்று கேட்டார். 2024இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. கொழுந்து பறித்து அந்தச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் பெண்ணிடம் "பிள்ளைக்கு இறைச்சி கொடுங்கள்" என்று சொல்வதற்கு மனச்சாட்சி இடம் கொடுக்காது. பெற்றோர் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்தார்கள்: பயிற்சி முடிந்ததும் கூடத்திலேயே அவித்த கௌபி அல்லது கடலை, ஆளுக்கு ஒரு முட்டை, தேங்காய்ச் சம்பல். இந்த ஆய்வில் நான் பதிவு செய்யும் எல்லா மாற்றங்களிலும் இதுவே பெரியது. எடை 59க்கு வந்தது. போட்டிக்காக 57க்கு இறங்க, இரவுச் சோற்றைக் கொஞ்சம் குறைத்து உப்பைத் தவிர்த்தாலே போதுமாக இருந்தது. தண்ணீரை யாரும் நிறுத்தவில்லை.

பிறகு கால். சீமெந்துத் தரையில் ஒட்டுநாடாவால் கோடு போட்டார். சுவருக்குச் சுவர், அவன் நெஞ்சு உயரத்தில் ஒரு கயிறு கட்டினார். கயிற்றுக்குக் கீழே முழங்காலை மடித்தபடி, முதுகு வளையாமல், அரை அடி அரை அடியாக முன்னும் பின்னும் நகர வேண்டும். மேடேறிப் பழகிய கால்களுக்குப் பின்னால் நகர்வது வராது. அவனுக்கும் வரவில்லை. இரண்டு பாதமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, தலை கயிற்றில் முட்டியது. "தம்பி, கயிற்றைப் பார்க்காதே. தொடையில் உட்கார்" என்பது மட்டும்தான் அவர் சொன்னது.

இன்னொரு பயிற்சி எனக்கு மிகவும் பிடித்தது. குட்டையான, ஆனால் இவனைவிடப் பத்துக் கிலோ கனமான ஒருவனை எதிரே நிறுத்தினார். அவன் வேலை, இவன் நெஞ்சை உள்ளங்கையால் தொடுவது. இவன் குத்தவே கூடாது. அரை அடி பின்னால், பிறகு இடப்பக்கம் முன்காலில் சுழன்று வெளியே. நேராக இரண்டு அடி பின்னால் போனால் ஆட்டம் தோல்வி. சர்வதேச மேடை கயிறுகளுக்குள் 6.1 மீற்றர் சதுரம். நம் கூடங்களில் அவ்வளவு இடம் கிடைப்பதில்லை. பழகும் இடம் சிறிது என்பது நெட்டையனுக்குக் குறைதான். ஆனால் அந்தச் சிறிய இடத்தில் சுழன்று வெளியேறக் கற்றவன் பெரிய மேடையில் தொலைந்துபோக மாட்டான். சில வாரங்கள் கழித்துக் குத்தைச் சேர்த்தார்கள்: எதிராளி அடியெடுத்து வைக்கும்போது, அவன் முன்கால் இன்னும் தரையைத் தொடாதபோது, முன்கைக் குத்து. ஒரு கால் காற்றில் இருப்பவனால் குனியவும் முடியாது, விலகவும் முடியாது. நான் முன்னே சொன்ன நேரம் என்ற மூலதனம் இந்த இடத்தில்தான் செலவாக வேண்டும்.

குத்தின் இலக்கையும் மாற்றினார். குனிந்து வருபவனின் தலையைத் தேடாதே, தோளுக்கும் நெஞ்சுக்கும் நடுவே குத்து என்றார். தலை அசையும், நெஞ்சு அவ்வளவு அசையாது. நெஞ்சில் நின்ற கை எதிராளியின் அடியைத் தடுக்கும், அவனை நிமிரச் செய்யும். நிமிர்ந்தால் அடுத்த குத்துக்குத் தலை தோள் மட்டத்தில் கிடைக்கும். புள்ளி கிடைக்காத குத்தாயிற்றே என்று கூடத்தில் சிலர் முணுமுணுத்தார்கள். சுத்தமாக விழும் நெஞ்சுக் குத்துக்கும் மதிப்பு உண்டு. அது கிடைக்காத தருணத்திலும் அடுத்த குத்துக்கு அது கதவைத் திறந்து வைக்கிறது.

கழுத்துக்கு, மடித்த துவாயை நெற்றியில் வைத்து ஒருவர் இழுக்க, இவன் எதிர்த்து நிற்பான். நீண்ட கழுத்துள்ளவர்களுக்கு இதைத் தவறாமல் கொடுக்க வேண்டும்.

பதுளையில் இரண்டு நாட்கள்

மூன்றாவது போட்டியின் எதிராளி மறுபடியும் குனிந்து வருபவன். கொழும்பில் நடந்ததை அவனுடைய மூலையில் நின்றவர்கள் அறிந்திருந்தார்கள் என்றே நினைக்கிறேன். முதல் நொடியிலிருந்தே அதே வழியில் வந்தான். நம் பையன் தொடையில் உட்கார்ந்தான். முதல் குத்து நெஞ்சில். இரண்டாவதும் நெஞ்சில். மூன்றாவது தடவை எதிராளி கையைத் தாழ்த்தி நெஞ்சைக் காக்க, குத்து நெற்றிக்குப் போயிற்று. காணொளியில் அந்த இடத்தை எத்தனையோ தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். தோளும் இலக்கும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கின்றன.

இரண்டாவது சுற்றில் விலாவில் ஒரு கொக்கிக்குத்து, அதாவது கையை மடித்துப் பக்கவாட்டில் வீசும் குத்து, வாங்கினான். பழைய நோய் திரும்பியது. கால்கள் நீண்டன, தலை பின்னால் சாய்ந்தது, முதுகு கயிற்றைத் தேடியது. ஏறத்தாழ ஒரு நிமிடம் எதிராளிக்கே போயிற்று. இடைவேளையில் பயிற்றுவிப்பாளர் தண்ணீர் கொடுத்தார், வாய்க்காப்பைக் கழுவினார், தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். "சரி மாஸ்டர்" என்றான். வேறு பேச்சு இல்லை. மூன்றாவது சுற்றில் நேராகப் பின்வாங்காமல் சுழன்று வெளியேறினான். எதிராளி காற்றைக் குத்திவிட்டுத் திரும்புமுன் நீண்ட வலக்கைக் குத்து காத்திருந்தது. உள்ளே நுழைந்தபோது ஒருமுறை கீழிருந்து மேலே அப்பர்கட் போட்டான். குனிந்து வருபவனுக்கு எதிராக நெட்டையனிடம் உள்ள மிகச் சிறந்த ஆயுதம் அது. அடிக்கடி போட்டால் தன் முகத்தைத் திறந்துவிடும் என்பதால் ஒருமுறை போதும் என்று சொல்லிவைத்திருந்தார்கள். ஐந்து நடுவர்களில் நால்வர் அவனுக்குக் கொடுத்தார்கள்.

அடுத்த நாள் காலைத் தராசில் 56.8. காலை உணவை வயிறாரச் சாப்பிட்டான். 54 கிலோவில் நின்றிருந்தால் இரண்டாம் நாள் தராசை அவன் தாண்டியிருக்கவே மாட்டான்.

ஆனால் அன்று தோற்றான். எதிரே வந்தவன் 176 சென்ரிமீற்றர். பயிற்சியில் அவன் முகம் கொடுத்த அனைவரும் குட்டையானவர்கள். கண் மட்டத்திலிருந்து வரும் முன்கைக் குத்தை அவன் அதுவரை சந்தித்ததே இல்லை. தான் எட்டும் தூரத்தில் எதிராளியும் எட்டுகிறான் என்பதை உணர ஒரு சுற்று போயிற்று. உள்ளே நுழைந்து சண்டையிடத் தெரியாததால் அடுத்த இரண்டு சுற்றும் போயின. குட்டையானவர்கள் தனக்கு எதிராகச் செய்ததையெல்லாம், அதாவது தலையைப் பக்கவாட்டில் அசைத்து நுழைதல், விலாவில் இரண்டு குத்து, தோளோடு தோள் உரசி வெளியேறுதல் ஆகியவற்றை, உயரமானவனும் கற்க வேண்டும் என்று அன்று தெளிவாயிற்று. உயரத்தை மட்டுமே நம்பிப் பழகியவன் தன் உயரமுள்ள இன்னொருவனைக் கண்டதும் வெறுங்கையோடு நின்றுவிடுகிறான்.

தோல்விக்குப் பின் கூடத்துப் பையன்கள் அமெரிக்கத் தொழில்முறை வீரர் செபாஸ்டியன் ஃபண்டோராவின் பெயரை எடுத்தார்கள். 154 றாத்தல் பிரிவில் 6 அடி 5½ அங்குலம். நம்ப முடியாத உயரம். அப்படியிருந்தும் எதிராளியின் நெஞ்சோடு ஒட்டி நின்று குத்துவதை விரும்புபவர். "அவரைப் போல உள்ளே போய் அடிக்கட்டும்" என்றார்கள். 2023 ஏப்ரல் 8ஆம் திகதி பிரையன் மென்டோசாவுடன் நடந்த ஆட்டத்தை அவர்களுக்குப் போட்டுக் காட்டினேன். ஃபண்டோரா முன்னிலையில் இருந்தார். ஏழாவது சுற்றில், உள்ளே நின்றுகொண்டிருந்தபோது, இடக்கைக் கொக்கிக்குத்தில் தொடங்கிய தாக்குதலில் சாய்ந்தார். அவர் அதோடு முடிந்துவிடவும் இல்லை. 2024 மார்ச் 30ஆம் திகதி டிம் சூவைக் குறுகிய கால அறிவிப்பில் சந்தித்து, நடுவர்களின் பிளவுபட்ட தீர்ப்பில் இரண்டு உலகப் பட்டங்களை வென்றார். 2025 ஜூலையில் அதே சூவை மறுபடி சந்தித்தபோது முதல் சுற்றிலேயே கீழே வீழ்த்தினார். ஏழாவது சுற்று முடிந்ததும் சூ மூலையிலிருந்து எழவில்லை. நெருங்கி நின்று சண்டையிடத் தெரிவது ஒரு தேர்ச்சி. அங்கேயே நிற்பது வேறு. எப்போது நுழைவது, எப்போது வெளியேறுவது என்பதை வீரன் தீர்மானிக்க வேண்டும். பையன்கள் ஒத்துக்கொண்டார்களா என்று தெரியாது. அடுத்த நாளே அவனை மூலையில் அடைத்து வைத்துப் பயிற்சி தொடங்கினார்கள்.

இனி

இப்போது அவனுக்கு வயது 18. எடை 61 கிலோ. உயரம் கூடவில்லை, தோளும் தொடையும் நிரம்பியிருக்கின்றன. கூடத்தில் ஒரு வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கிறது. சர்வதேச ஒலிம்பிக் குழு 2025இல் தற்காலிக அங்கீகாரம் வழங்கிய வேர்ல்ட் பாக்ஸிங் அமைப்பின் எடைப் பட்டியலில் ஆண்களுக்கு 57 கிலோ என்ற பிரிவே இல்லை. 55, அதற்கு அடுத்தது 60. இந்தப் பட்டியல் நம் போட்டிகளுக்கும் வந்தால் என்ன செய்வது என்று இப்போதே பேசுகிறார்கள். 60இல் எதிரே வருபவர்கள் 175 சென்ரிமீற்றர்வரை இருப்பார்கள். 55க்கு இறக்கினால் மறுபடி எல்லாரும் தோளுக்குக் கீழே என்று ஒருவர் சொன்னார். 1938இல் சிட்னியில் நடந்த பிரித்தானியப் பேரரசு விளையாட்டுப் போட்டியில் பார்னி ஹென்ரிகஸ் இலங்கைக்குத் தங்கம் வென்றது 126 றாத்தல் எல்லையுள்ள ஃபெதர் எடையில், நம் நாட்டுக்குக் கீழ் எடைதான் கைகொடுக்கும் என்று வரலாற்றையும் துணைக்கு அழைத்தார்.

ஹென்ரிகஸ் தன் உடம்புக்குரிய எடையில் வென்றார். இவனுடைய உடம்புக்குரிய எடை இன்று 60. சுட்டி 18.9. 55க்கு இறக்கினால் அது 17.4 ஆகிவிடும், மழைக்கோட்டும் திரும்பி வரும். பயிற்றுவிப்பாளரும் நானும் 60 என்று சொல்லியிருக்கிறோம். தாயாரிடமும் எண்களை எழுதிக் கொடுத்திருக்கிறோம். கையெழுத்துக் கேட்டு யாராவது படிவத்தோடு வந்தால் எடைப் பிரிவின் கட்டத்தை முதலில் பார்க்கும்படி கேட்டுக்கொண்டிருக்கிறோம். 180 சென்ரிமீற்றர் உயரமுள்ள, 67 கிலோ பிரிவில் ஆடும் ஒரு பொலிஸ் வீரர் சனிக்கிழமைகளில் வந்து அவனுடன் பழகச் சம்மதித்திருக்கிறார். பஸ் செலவைப் பெற்றோர் பகிர்ந்துகொள்கிறார்கள். கௌபி தொடர்கிறது.